பல்லாவரம் சந்தை தேய்ந்து மறைவதா?

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தில், பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலிருந்து நடந்து வருவது. ஆதியில் அது மாட்டுச் சந்தை. வயல்கள் வீடுகளானபின் மாடுகள் மறைந்தன. அவற்றின் இடத்தில் செடி கொடிகளும், புறாவும் முயலும், காய்கறியும் கருவாடும், பழைய மேஜை நாற்காலிகளும், மின்சாரச் சாமான்களும் வந்தன. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வாசிகளில் புதுக் கட்டில் வாங்க வகையற்ற குடும்பத்துக்குப் பழைய கட்டிலும், தொழில் தொடங்கும் தச்சனுக்குப் பழைய இழைப்புளியும் அகப்படும் இடம் அதுவே.

அச்சந்தைக்கு இன்று பல முனைகளிலிருந்தும் நெருக்கடி நேர்ந்திருக்கிறது. பெருஞ்சாலையில் பெரிய கடைகள் எழுந்துவிட்டன. கைபேசியில் கேட்ட பொருள் வாசலுக்கே வருகிறது. 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் சந்தை நின்றது. வாரத்தில் ஒரு நாள் விற்றுப் பிழைப்பவனுக்கு ஒரு வெள்ளி தவறினால் ஒரு வாரச் சோறு தவறியதாகும். இவற்றுடன், போக்குவரத்துக்கு இடைஞ்சலான சந்தையை அப்புறப்படுத்துக என்ற குரலும் கேட்கிறது.

இடைஞ்சல் உண்டென்பது வாஸ்தவமே. ஆனால் தெருவை அடைப்பது தரையில் விரித்த கோணித் துண்டு மாத்திரந்தானா? தாறுமாறாக நிறுத்தப்படும் வாகனங்களுக்கு அதில் பங்கில்லையா? வாகனங்களுக்கு இடம் ஒதுக்கி, கடைகளுக்கு எல்லைக் கோடு கிழித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

வேறிடம் கொடுத்தால் போதாதா என்பாரும் உளர். 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் கடைகள் கட்டித் தந்தார்கள். பழைய பொலிவு திரும்பவில்லை. கூரையைக் கட்டிவிடலாம், தலைமுறைகளாக ஜனங்களின் கால்கள் பழகிய வழியைக் கட்டிவிட முடியாது.

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதை உணர்ந்தே இயற்றப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றலாகாது என்று அது கூறுகிறது. விற்பனைக் கமிட்டியில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நூற்றுக்கு 40க்குக் குறையலாகாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாயிருத்தல் வேண்டும். கண்டோன்மெண்ட் போர்டாயினும், 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியாயினும், ஸ்தல ஸ்தாபனங்கள் யாவும் இதற்குக் கட்டுப்பட்டவையே.

இந்தப் பாதுகாப்பு ஏட்டளவில் நின்றால் பயனில்லை. கோணி விரிக்கும் கிழவிக்குச் சட்டப் புத்தகம் படிக்க நேரமில்லை. படித்த நம்மவர் அதை அவளுக்கு எடுத்துரைத்து, கமிட்டியில் அவள் குரலும் ஒலிக்கும்படி செய்வது கடமையாகும். ஒரு சந்தையை அழிக்க உத்தரவு வேண்டியதில்லை. நாம் கவனியாதிருந்தாலே போதும்.