டிராக்டரில் வடித்த பழைய ஆயில் எங்கே போகிறது?

உழவு சீசன் முடிந்ததும் டிராக்டருக்கு ஆயில் மாற்றுவீர்கள். வடித்த கறுப்பு ஆயில் என்ன ஆகிறது? கொஞ்சம் வேலிக் கம்பத்துக்கு, மீதி வரப்போரத்தில். ஆயில் இன்ஜின் கிணற்று மேட்டில் இருந்தால் அங்கேயே வடித்துவிடுவதும் உண்டு. அடுத்த மழையில் அது கிணற்றுக்குத்தான் இறங்கும்.

ஒருமுறை வடிக்கும் சுமார் 4 லிட்டர் ஆயில், 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அது கார் கணக்கு. டிராக்டரில் வடிவது இன்னும் அதிகம். ஓடிய ஆயிலில் இன்ஜின் தேய்மானத்தால் வரும் உலோகத் துகள், கரி, புற்றுநோய் உண்டாக்கும் நச்சுகள் கலந்திருக்கும். தண்ணீர் மேல் படலமாகப் படர்ந்து காற்றை அடைக்கும். மண்ணில் ஊறிய இடத்தில் தண்ணீர் இறங்காது, பயிர் தேறாது.

மாட்டுக்கு உண்ணி, சொறி என்று பழைய ஆயில் தடவும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். மாடு உடம்பை நக்கும், அத்தனையும் வயிற்றுக்குள் போகும். உண்ணிக்குக் கால்நடை மருந்தகத்தில் மருந்து இருக்கிறது. நெல்லில் கூண்டுப்புழுவுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் கயிறு இழுப்பார்கள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று இதை ஊற்றிவிடாதீர்கள். அடுப்பில் எரிப்பதும் ஆபத்து. அந்தப் புகையைச் சுவாசிப்பது வீட்டில் உள்ளவர்கள்தான்.

செய்ய வேண்டியது எளிது. அகலமான தட்டு வைத்து வடியுங்கள். புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, மேலே 'பழைய ஆயில்' என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பூச்சிமருந்து கேன் கூடாது. குடிதண்ணீர் பாட்டில் கூடவே கூடாது. டீசல், பெட்ரோல், ரேடியேட்டர் தண்ணீர் எதுவும் கலக்க வேண்டாம். கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு எடுக்க மாட்டார்கள். பழைய ஃபில்டரை ஓட்டை போட்டு 12 மணி நேரமாவது கவிழ்த்து வைத்தால் உள்ளே நிற்கும் ஆயிலும் வடிந்துவிடும். கீழே சிந்தியதன் மேல் மரத்தூளோ உமியோ போட்டு, ஊறியதும் அள்ளிவிடுங்கள்.

நன்றாகச் சேர்த்த பழைய ஆயில் குப்பையல்ல. மறுசுத்திகரித்தால் 4 லிட்டரில் சுமார் இரண்டரை லிட்டர் புது மசகு எண்ணெய் கிடைக்கும். கம்பெனிகள் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. எனவே டிராக்டர் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவருக்குத்தான் கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். தனியாகக் கொண்டுபோகச் சிரமம் என்றால், உழவர் குழுவில் ஒரு 200 லிட்டர் பேரல் வைத்து எல்லோரும் சேர்க்கலாம்.

முகம் தெரியாத வியாபாரி கூடுதல் விலை சொன்னாலும் யோசியுங்கள். வடிகட்டி, நிறம் தேற்றி, புது ஆயில் என்று திரும்ப விற்பவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் இன்ஜினுக்கே வந்து சேரலாம். இதே காரணத்துக்காக, தேவைப்படாத காலி கேன்களின் லேபிளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்ட பிறகே பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள்.