நாணயத்துக்கு ஜாமீன்

தீயினாலும் கடலினாலும் நேரும் நஷ்டத்துக்கு ஈடு செய்யும் இன்ஷூரன்ஸைப் பற்றி நம்மில் யாவரும் கேட்டிருக்கிறோம். தான் அமர்த்திய ஆளே தன் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டால் அந்த நஷ்டத்துக்கும் ஈடு உண்டென்பது, வர்த்தகஞ் செய்வோரிலும் பலர் தெளிவாக அறிந்த விஷயமன்று. நமது கல்லூரியினின்று வெளியேறும் மாணவர் பலர் காசாளராகவும் கணக்கராகவும் பாங்கி உத்தியோகஸ்தராகவும் அமர்கின்றனர். அவர் அறியாமலே அவர் பேரில் இத்தகைய பத்திரம் ஒன்று எழுதப்பட்டிருத்தல் கூடும். ஆதலின் இதனைச் சிறிது விரித்துரைக்கப் புகுந்தோம்.

இன்ஷூரன்ஸ் பரவுமுன் இவ்வபாயத்துக்கு நம்மவர் கண்ட பரிகாரம் ஜாமீன். பணப்பெட்டியின் சாவியை ஒருவனிடம் ஒப்படைக்குமுன், சொத்துள்ள உறவினரோ ஊர்ப் பெரியவரோ அவனுக்காகப் பொறுப்பேற்று எழுதிக்கொடுப்பார். இத்தகைய ஜாமீனை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் கருத்தில் வைத்திருந்தது என்பது அதிலுள்ள திருஷ்டாந்தங்களால் விளங்கும். அவற்றுள் ஒன்றைக் கூறுவோம். ஒருவர் ஓர் இளைஞனைத் தொழில் பழகுமாறு ஒரு முதலாளியிடம் விட்டு, அவனது நாணயத்துக்கு ஜாமீனும் கொடுக்கிறார். மாதம் ஒரு முறையேனும் இளைஞன் ரொக்கத்தைக் கணக்கிட்டு முடிப்பதைத் தாம் பார்த்து வருவதாக முதலாளி வாக்களிக்கிறார். வாக்களித்தபடி அவர் பாராதிருக்க, இளைஞன் பணத்தைக் கையாடிவிடுகிறான். ஜாமீன்தார் ஒன்றுங் கொடுக்க வேண்டுவதில்லை என்பது சட்டத்தின் முடிவு. இச்சிறு கதையை வாசகர் மனத்திலிருத்துதல் நன்று. இக்காலத்துப் பத்திரங்களின் சாரம் பெரும்பாலும் இதனுள் அடங்கியிருக்கிறது.

உறவினர் ஜாமீனில் இரண்டு இடையூறுகள் இருந்தன. குற்றஞ் செய்தவன் ஒருவனாயிருக்க வேறொரு குடும்பம் வீட்டை விற்க நேரும். சொத்துள்ள உறவினர் இல்லாத ஏழை இளைஞனுக்கோ, எவ்வளவு யோக்கியனாயினும் உத்தியோகம் எட்டாது. 1840இல் இலண்டனில் தோன்றிய ஒரு சங்கம் இந்த ஜாமீனைச் சந்தா வாங்கிக்கொண்டு நடத்தும் தொழிலாக்கிற்று. அதுவே பிடெலிட்டி காரண்டி இன்ஷூரன்ஸ்.

திருட்டுக்குரிய பத்திரம் இதனின் வேறானது. தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சூழ்ந்துள்ள நகைக்கடைகளையும், ரங்கநாதன் தெருவின் துணிக்கடைகளையும் நோக்குக. இரவில் ஒருவன் பூட்டையோ சுவரையோ உடைத்து உட்புகுந்து கொண்டுபோனால், அது கன்னக்களவுப் பத்திரத்துள் அடங்கும். பலாத்காரமாய்ப் புகுந்த அடையாளத்தையே அப்பத்திரம் பொதுவாக எதிர்பார்க்கிறது. பட்டப்பகலில் கூட்டத்தினிடையே ஒரு புடைவை மறைந்ததாயின், சாதாரணக் கன்னக்களவுப் பத்திரம் உதவாது. நகை வியாபாரிகளுக்கென்று தனிப் பத்திரம் உண்டு. ஆயினும் கடையடைத்தபின் பெட்டகத்துள் வையாது கண்ணாடி அலமாரியில் விட்ட நகைக்கு அது வழக்கமாக ஈடு செய்வதில்லை. வருஷக் கடைசியில் சரக்கை எண்ணிப் பார்த்து ‘குறைகிறது’ என்று மட்டும் சொன்னால், எந்தக் கம்பெனியும் எளிதிற் பணந்தராது. குறைவு வேறு, களவு வேறு. களவை மெய்ப்பித்தல் முதலாளியின் கடமை.

இனிக் காரண்டிப் பத்திரத்துக்கு வருவோம். வேலையாள் வஞ்சனையாகச் செய்த செயலால் முதலாளிக்குப் பணநஷ்டம் நேர்ந்திருத்தல் வேண்டும். கூட்டலில் வந்த பிழையும், வாராக் கடனும் இதிற் சேரா. பத்திரம் நடப்பிலுள்ளபோதோ, அது முடிந்தபின் குறித்த சில மாதங்களுக்குள்ளோ மோசம் வெளிப்படுதலும் வேண்டும். பத்து வருஷம் நயமாய் மறைத்தவனைப் பதினோராம் வருஷத்திற் பிடித்தால் பழைய நஷ்டத்துக்கு ஈடு கிடைப்பது அரிது.

விண்ணப்பத்தாளில் கம்பெனி கேட்கும் கேள்விகள் கவனிக்கத்தக்கவை. ரொக்கத்தை எண்ணிப் பார்ப்பவர் யார்? எத்தனை நாளுக்கொரு முறை? காசோலையில் ஒருவர் கையெழுத்தா, இருவர் கையெழுத்தா? பாங்கிக் கணக்கை ஒப்பிடுபவர் காசாளரா, வேறொருவரா? இவற்றுக்கு அளித்த விடையின்படி முதலாளி நடவாவிடின், மேற்சொன்ன திருஷ்டாந்தத்து முதலாளியின் கதிதான்.

மற்றொரு நிபந்தனை நமது நாட்டு இயல்புக்குச் சற்றுக் கடினமானது. ஒருவன் முதன்முறை கையாடியது தெரியவந்ததும், ‘பிள்ளைகுட்டிக்காரன், போகட்டும்’ என்று மறைத்து, அவனையே அப்பெட்டியண்டை வைத்திருக்கும் முதலாளிகள் உண்டு. அவன் இரண்டாம் முறை செய்வதற்குக் கம்பெனி பொறுப்பன்று. அறிந்தவுடன் அறிவித்தல் வேண்டும். கம்பெனி கோரினால் வழக்குந் தொடுத்தல் வேண்டும். தயவு காட்ட விரும்புவோர் தம் சொந்தப் பணத்திற் காட்டுக என்பதே இதன் கருத்துப் போலும்!

உத்தியோகத்துக்குச் செல்லும் மாணவர் ஒன்றை மறத்தலாகாது. இப்பத்திரம் காப்பது முதலாளியை, குமாஸ்தாவை அன்று. கொடுத்த தொகையைக் குற்றஞ் செய்தவனிடம் திரும்ப வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்துசேர்கிறது. அவனுக்குச் சேரவேண்டிய சம்பள பாக்கியும் நஷ்டத்திற் கழிக்கப்படும். மூன்றுபேர் திறக்கும் பெட்டிக்குத் தாம் ஒருவரே கையெழுத்திட்டு ஏற்பது, எவ்வளவு பழக்கமான இடமாயினும், நாணயஸ்தனுக்கு நல்லதன்று.

இவ்வளவும் வேலையாளின் மோசத்துக்கு. முதலாளியே மோசஞ் செய்தால்? சென்னை இதனை 1906இல் அநுபவித்தது. இந்நகரத்துப் பெரும் வர்த்தக ஸ்தாபனமாகிய அர்பத்நாட் கம்பெனி அவ்வருஷம் அக்டோபர் மாதம் 22ஆந் தேதி பணங்கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வைத்திருந்த சேமிப்பு அதனுடன் மூழ்கிற்று. தலைவராகிய சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். கடன் கொடுத்தோர் சார்பில் வாதாடியவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், அவ்வாண்டே மயிலையில் ஸம்ஸ்கிருதக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. அவரும் நண்பரும் முயன்று அடுத்த வருஷம் ஆரம்பித்ததுதான் இந்தியன் பாங்கி. காரண்டிப் பத்திரம் எத்தனை இருந்திருப்பினும் வைப்பு வைத்தோருக்கு அதனால் ஒரு காசும் கிடைத்திராது. பத்திரம் எடுப்பவனே மோசஞ் செய்பவனாயின் அது வெறுந்தாள்.

அக்குறைக்குப் பரிகாரம் வெகு காலஞ் சென்றே வந்தது. 1960இல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கி வீழ்ந்தபின், 1961ஆம் வருஷத்துச் சட்டத்தால் வைப்பு இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 1,500 ரூபாய் வரையிலேயே பாதுகாப்பு. 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாயிற்று.

இது பாங்கிகளுக்கே உரியது. நிதிகள் என்னும் பரஸ்பர சகாய ஸ்தாபனங்கள் இதற்குப் புறம்பானவை. அவை கம்பெனிச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. மேற்சொன்ன ஒப்பந்தச் சட்டம் பிறந்த 1872ஆம் வருஷமே மயிலாப்பூரில் தோன்றிய இந்து பர்மனென்ட் பண்டு அவ்வகையைச் சேர்ந்தது. மயிலையிலும் சுற்றுப்புறங்களிலும் பலர் தம் வாழ்நாட் சேமிப்பை அதில் வைத்திருந்தனர். முதிர்ந்த வைப்புத் தொகை கிடைக்கவில்லையென 2024இல் முறையீடுகள் எழுந்தன. ஆகஸ்டு மாதம் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்று கூறுவது நீதிமன்றத்தின் வேலை, நமதன்று. அவ்வைப்புக்களுக்கு இன்ஷூரன்ஸ் இல்லையென்பது மட்டும் வழக்கின் முடிவை நோக்கி நிற்கும் விஷயமன்று. பணங்கட்டிய முதல்நாளே அது அவ்வாறிருந்தது.