ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறுவது ஏன்?

ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினால் விடைகள் ஏன் வேறுபடுகின்றன? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்விட்ஸ், இத்தகைய கூட்டுச் சோதனைகளை அலசி 1980இல் ஒரு விதியை முன்வைத்தார். செறிவு நூறு மடங்கு குறையும்போது ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் சுமார் 16%. நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் சுமார் 45%!

ஆகவே, நீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று மட்டும் ஆய்வுக்கட்டுரை சொன்னால் போதாது. எத்தனை முறை அளந்தார்கள்? தெரிந்த அளவு ஈயத்தைச் சேர்த்துப் பார்த்தபோது எவ்வளவு திரும்பக் கிடைத்தது? ஈயமே சேராத வெற்று மாதிரி என்ன காட்டியது? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். புட்டி கழுவிய அமிலத்திலேயே ஈயம் கலந்திருக்கலாம். வெற்று மாதிரியின் எண்ணை வெளியிடாவிட்டால் படிப்பவருக்கு அது தெரியவே வராது. மூலத் தரவுகளையும் இணைப்பாகக் கொடுத்துவிட்டால் எவரும் கணக்கைச் சரிபார்க்கலாம்.