கிராம சபையில் கணக்கைத் திரையில் காட்டுவது எப்படி?

ஊர் மக்கள் ஒருங்கு கூடி ஊராட்சியின் வரவு செலவை ஆராயும் மன்றமே கிராம சபையாகும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதற்கு வகை செய்துள்ளது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றோடு, உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் 2022-இல் சபை கூடும் நாட்களாகச் சேர்க்கப்பட்டன.

ஆயினும், கணக்கு வாசிக்கப்படும்பொழுது முன்வரிசையில் அமர்ந்திருப்போர்க்கே அது விளங்குகிறது. பின்னால் நிற்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் எண்கள் காதில் விழுந்து மறைகின்றன. தீர்மானத்தில் கையெழுத்திடுவோர் பலர்; அதில் உள்ளதை அறிந்தோர் சிலர். இக்குறையைப் போக்க, டேப்லெட்டில் உள்ள கணக்கை புரொஜெக்டர் வாயிலாகப் பெரிய திரையில் காட்டலாம். ஆனால் பொருத்தமறியாது கம்பி வாங்கினால் ஊராட்சிப் பணம் வீணாகும். ஆகவே சில செய்திகளை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.

துவாரத்தை அறிதல்

இக்காலத்து டேப்லெட்டுகள் பெரும்பாலானவற்றில் சார்ஜ் ஏற்றும் துவாரம் 'டைப்-சி' வடிவில் அமைந்துள்ளது. இவ்வடிவம் இருப்பதனாலேயே படம் வெளியே வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. மதகு இருந்தால் மட்டும் வயலுக்கு நீர் வந்துவிடுமா? ஏரியில் நீர் இருக்க வேண்டும் அன்றோ! அதுபோல, படத்தை வெளியே அனுப்பும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளர் உள்ளே அமைத்திருத்தல் வேண்டும். விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் இவ்வேற்பாடு இல்லை. விவரக் குறிப்பில் 'டிஸ்பிளேபோர்ட்' அல்லது 'வீடியோ அவுட்' என்ற சொல் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

டைப்-சி துவாரமுள்ள ஐபேடுகள் யாவும் படத்தை அனுப்ப வல்லவை. ஐபேடு புரோ வகையில் 2018-இலும், சாதாரண வகையில் 2022-இலும் இத்துவாரம் வந்தது. 'லைட்னிங்' துவாரமுள்ள பழைய ஐபேடுகளுக்கு அதற்கென உள்ள அடாப்டர் தேவை.

கம்பியால் இணைத்தல்

புரொஜெக்டரில் பொதுவாக எச்.டி.எம்.ஐ. என்னும் துவாரம் இருக்கும். டைப்-சியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் அடாப்டரையும், ஓர் எச்.டி.எம்.ஐ. கம்பியையும் பெற்றால் போதும். டேப்லெட்டில் ஒரே துவாரம் இருப்பதால், சார்ஜ் ஏற்றவும் வழியுள்ள அடாப்டரே சிறந்தது. இல்லையேல் கூட்டத்தின் நடுவே மின்கலம் தீர்ந்து போகலாம்.

பழைய புரொஜெக்டர்களில் பதினைந்து துளைகள் கொண்ட வி.ஜி.ஏ. துவாரம் மட்டும் இருப்பதுண்டு. இது 1987-இல் வந்த முறை, ஒலியைக் கடத்தாது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து இதற்கு வெறுங்கம்பியால் இணைக்க இயலாது. படக்குறியை மாற்றித் தரும் மின்கருவி வேண்டும். ஒலிபெருக்கியும் தனியே தேவைப்படும்.

பணம் கொடுக்கு முன் டேப்லெட்டைக் கடைக்கே எடுத்துச் சென்று, அங்குள்ள தொலைக்காட்சியில் இணைத்துப் படம் வருகிறதா என்று பார்த்துவிடுதல் அறிவுடைமை.

கம்பியின்றி இணைத்தல்

துவாரம் உதவாதபொழுது 'மிராகாஸ்ட்' என்னும் முறை பயன்படலாம். இதற்கு இணைய வசதி தேவையில்லை; டேப்லெட்டும் திரைக்கருவியும் நேரே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். எனினும் இரண்டிலும் இம்முறை இருத்தல் வேண்டும். ஐபேடு இதனை ஏற்பதில்லை. அதற்கு 'ஏர்ப்ளே' என்னும் தனிமுறை உண்டு. எதுவும் கைகொடாவிடில், கணக்கைப் படங்களாக்கிப் பென் டிரைவில் ஏற்றி, அதனைப் படிக்கவல்ல புரொஜெக்டரில் நேரே செருகிக் காட்டலாம்.

கூட்டத்தன்று கவனிக்க வேண்டியவை

1. புரொஜெக்டரை இயக்கிக் கம்பியை இணைத்தபின், 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி உரிய துவாரத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். படம் வராமைக்கு இதனை மறப்பதே பெரும்பாலும் காரணம்.

2. வெயிலில் திரைப்படம் மங்கிவிடும். பகற்கூட்டமாயின் பள்ளிக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ சன்னல்களை மறைத்துக் காட்டுக. அல்லது பெரிய தொலைக்காட்சியைப் பயன்படுத்துக.

3. ஒரு பக்கத்தில் சில வரிகளே இருக்கட்டும். கடைசி வரிசையில் அமர்ந்து ஒருவர் படித்துப் பார்த்து, தெளிவாக இருப்பதாகச் சொன்ன பின்னரே எழுத்தின் அளவை முடிவு செய்க.

4. விளக்கு வகைப் புரொஜெக்டரை அணைத்தவுடன் மின்சாரத்தை நிறுத்தலாகாது. உள்விசிறி ஓய்ந்த பின்னரே நிறுத்துக. இல்லையேல் விளக்கு கெடும்.

5. பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவை திரையில் தோன்றலாகாது. அவற்றை முன்னரே நீக்கிவிடுக. டேப்லெட்டில் வரும் சொந்தச் செய்திகள் ஊரார் முன் தோன்றாதவாறு, அறிவிப்புகளையும் நிறுத்தி வைக்க.

திரையில் கணக்கு விரிந்தவுடன் கேள்விகளும் எழும். "எங்கள் தெருவின் குழாய்க்கு எவ்வளவு செலவாயிற்று?" என்று ஒருவர் கேட்பார்; "அந்த வாய்க்கால் இன்னும் தூர்வாரப்படவில்லையே" என்று இன்னொருவர் சொல்வார். இதைக் கண்டு பொறுப்பிலுள்ளோர் தயங்க வேண்டியதில்லை. ஊர்ப்பணம் ஊராருடையது; அதன் கணக்கைக் கண்ணாரக் காணும் உரிமையும் அவர்களுடையதே. அடுத்த கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னதாகவே இணைத்துப் பார்த்து ஆயத்தமாவீர்களாக!