பன்னிரண்டு அங்குலப் பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர்

போன மாதம் ஒரு வான்காரத் தம்பி என் திருத்தகத்துக்கு வந்தார். பழைய டொல்பின் வான். கோயில், கலியாணவீடு, ஆஸ்பத்திரி என்று கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஹயர் ஓடுகிறவர். பின் சீற்றுக்குப் பின்னால் இரண்டு 12 அங்குல சப்வூபர் பூட்டிய பெரிய பெட்டி. அதில் ஒன்று எரிந்துபோயிருந்தது.

"அதே அளவில புதுசு மாத்துவமே தம்பி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணை. சின்னதாப் போடுங்கோ. பாட்டுப் போட்டாலே அம்மா குனிஞ்சு காதைப் பொத்துறா. வயசான ஆக்கள் வந்தாலும் அப்பிடித்தான். பாட்டே இல்லையெண்டா பெடியள் வேற வானைப் பிடிக்கினம்."

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் விழுகிற ஷெல்லைக் காதுக்கு முதல் நெஞ்சு அறியும். அந்தப் பெட்டியும் நெஞ்சில்தான் இடித்தது. அதன் குறை சத்தம் கூட என்பது மட்டுமில்லை. நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் 'உம்ம்ம்' என்று இழுபடும். மேளத்தில் அடி விழுந்து கை எடுத்த பிறகும் தகரமெல்லாம் அதிரும்.

பெட்டியை எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம். ஆனால் பலகை விலையும் கூலியும் இன்றைக்கு ஹயர்காரருக்குத் தாங்காது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் எங்கள் ஆட்களுக்கு எட்டுகிற விலையில்லை. பழைய வானையும் பழைய பெட்டியையும் வைத்துத்தான் சமாளிக்கவேண்டும்.

பலர் நினைப்பது, 12 அங்குல ஓட்டையில் ஒரு பலகை வளையத்தை வைத்து 10 அங்குல ஸ்பீக்கரைப் பூட்டினால் வேலை முடிந்தது என்று. வளையம் கடைசி வேலை. முதல் வேலை பெட்டிக்குள் இருக்கிற காற்று.

இதை நான் படித்தது பானையில். 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனபிறகு சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். சத்தம் காணாது என்று ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானை வாயில் கவிழ்த்து வைப்போம். சின்ன முட்டியில் வைத்தால் மூக்கால் பாடுவதுபோல இருக்கும். பெரிய பானையில் வைத்தால் குரல் தடித்துக் குழறும். ஸ்பீக்கர் ஒன்றுதான், உள்ளே இருக்கிற காற்றின் அளவுதான் வேறு.

மூடிய பெட்டிக்குள் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. கூம்பு உள்ளே போனால் வெளியே தள்ளும், வெளியே வந்தால் உள்ளே இழுக்கும். சின்ன ஸ்பீக்கருக்கு மிகப் பெரிய பெட்டி கொடுத்தால் அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோகும். கூம்பு அளவுக்கு மீறி ஆடி, கொயில் அடிபட்டு, மூன்று மாதத்தில் திரும்பவும் என் மேசைக்கு வரும்.

ஆகவே அளந்தோம். நடுவில் தடுப்பு உள்ள பெட்டி. ஒரு பக்கம் உள்ளளவு 39 சென்ரிமீற்றர் அகலம், 36 உயரம், 30 ஆழம். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் 42 லீற்றர். புது 10 அங்குல ஸ்பீக்கரோடு வந்த தாளில் மூடிய பெட்டிக்கு 20 லீற்றர் என்று இருந்தது. ஸ்பீக்கரின் உடம்பே ஏறக்குறைய 2 லீற்றரை அடைத்துக்கொள்ளும். மிச்சம் 20 லீற்றரை நாங்கள் அடைக்கவேண்டும்.

இங்கேதான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். தலையணைப் பஞ்சைத் திணித்தால் இடம் குறையும் என்று நினைக்கிறார்கள். பஞ்சு நேர்மாறான வேலை செய்யும். காற்று அமுங்கும்போது வருகிற சூட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்வதால், ஸ்பீக்கருக்குப் பெட்டி இன்னும் பெரிதானதுபோல இருக்கும். இடத்தை அடைக்கக் காற்றுப் புகாத கெட்டிப் பொருள் வேண்டும். மரக்கட்டை நல்லது, ஆனால் பாரம். நான் உதிராத தடித்த ரிஜிபோம் எடுத்தேன். பின்சுவரில் 8 சென்ரிமீற்றர் தடிப்பில் அடுக்க 11 லீற்றர் போனது. மேலும் கீழும் 5 சென்ரிமீற்றர் ஒட்ட இன்னும் எட்டரை லீற்றர். முழுவதையும் பின்சுவரிலேயே ஒட்டியிருந்தால் ஸ்பீக்கரின் காந்தம் போய் முட்டியிருக்கும். காந்தத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று சென்ரிமீற்றராவது மூச்சு விட இடம் வேண்டும். ரிஜிபோமை வெள்ளைப் பசையால்தான் ஒட்டவேண்டும். சப்பாத்து ஒட்டுகிற பசை பட்டால் கரைந்துவிடும், எனக்கு ஒருமுறை பாதிப் பெட்டி அப்படிப் போனது.

அடுத்தது, பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த காற்றுக்குழாய். இழுபட்ட அந்த 'உம்ம்ம்'முக்கு முக்கிய காரணம் அதுதான். குழாயின் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் ஒரு சோடி. கொள்ளளவைப் பாதியாக்கிவிட்டுக் குழாயை அப்படியே விட்டால், 35 ஹேர்ட்ஸில் ஒலித்தது ஏறக்குறைய 50க்கு ஏறிவிடும். வானுக்குள் அது இன்னும் மோசமாக இடிக்கும். அதற்குக் கீழே கூம்பைப் பிடித்துவைக்கக் காற்றும் இருக்காது. பலகை வைத்து இரண்டு குழாயையும் அடைத்துவிட்டேன். ஆழத்துச் சத்தம் கொஞ்சம் குறையும் என்று தம்பிக்கு முதலே சொன்னேன். "அதுதானே வேணும்" என்றார்.

பிறகு வளையம். 18 மில்லிமீற்றர் எம்.டி.எவ் பலகையில், வெளிவிளிம்பு பழைய 12 அங்குல ஓட்டையைத் தாண்டி நன்றாக அமரும்படி வெட்டினேன். உள்ளோட்டை புது ஸ்பீக்கருக்கு அளந்தது. 10 அங்குலம் என்று பேர் இருந்தாலும் வெட்டும் ஓட்டை கொம்பனிக்குக் கொம்பனி வித்தியாசப்படும். ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கவேண்டும். வளையத்தைச் சிலிக்கன் பூசி ஆணி முறுக்கி, ஒருநாள் காயவிட்டபிறகே ஸ்பீக்கரைப் பூட்டினேன். புளிச்ச மணம் வருகிற சிலிக்கனின் ஆவி உள்ளே அடைபட்டால் ஸ்பீக்கருக்குக் கூடாது.

வயர் விசயம் சுருக்கமாக. தம்பியின் அம்ப்ளிபயர் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கமாக இணைத்தால் 2 ஓம் ஆகி அம்ப் கொதிக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு 4 ஓம் கொயில் உள்ள ஸ்பீக்கராக எடுத்தோம். தொடராக இணைக்க ஒன்று 8 ஓம், இரண்டையும் பக்கமாக இணைக்க 4.

கூட்டலும் கழித்தலும் மாறினால் ஒரு கூம்பு வெளியே வர மற்றது உள்ளே போய், சத்தத்தைச் சத்தமே தின்றுவிடும். பார்க்க ஒரு பென்ரோச் பற்றரி போதும். ஒன்றரை வோல்ற்றை ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே எழவேண்டும். தடைக்காலத்தில் அந்தப் பற்றரி கிடைக்காமல், செத்ததை வெயிலில் காயவைத்துப் போட்டுச் செய்தி கேட்டோம். இப்போது மேசை லாச்சியில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது.

அம்பில் பேஸ் பூஸ்ற்றைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பில்ரரை 80 ஹேர்ட்ஸில் வைத்தேன். தம்பி அடுத்தநாள் அம்மாவைக் கூட்டிவந்தார். பாட்டுத் தொடங்கியதும் அவவின் கை பாதிவரை எழும்பியது, காதுக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் குறைத்தேன். கை மடிக்கு வந்தது.

"மேளம் மேளமாக் கேக்குது" என்றா.

அந்த இடத்தில் அம்பின் குமிழுக்கு வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, மேலே ரேப்பும் சுற்றிவிட்டேன். அம்ப் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. ஹயர் பெடியள் எப்படியும் தேடிப்பிடிப்பார்கள்.