குடிபெயர்ந்தோரின் கூத்து

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் யாழ்ப்பாண வீதியில், புளியங்குளம் சந்தியிலிருந்து ஒரு வீதி கிழக்கே பிரிந்து நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவை அடைகின்றது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய மலையகத் தமிழர் பலர், வன்னியின் இத்தகைய காட்டோரங்களிலேயே குடியேறினர். சில பாத்திரங்களோடும் துணிமணிகளோடும் அவர்கள் ஒரு கூத்தையும் கொண்டுவந்தனர்.

கூத்தாடி ஊர் மாறினாலும் அவனுடைய கால்கள் ஆட்டத்தை மறப்பதில்லை. ஆயினும் காமன் கூத்துத் தனியொருவன் ஆடக்கூடியதன்று. மாசி மாதத்து மூன்றாம் பிறையில் காமன் கம்பத்தை நட்டு, சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்த கதையைப் பல இரவுகள் ஆடுவர். மன்மதனுக்கு ரதி வேண்டும். வழக்கப்படி அவ்வேடமும் ஆடவர்க்கே உரியது. தூதன், வீரபத்திரன், எமன் வேண்டும். தப்படிப்போர் வேண்டும். பாட்டை வரி பிசகாது எடுத்துக்கொடுக்கும் வாத்தியார் வேண்டும். தோட்டத்திலே அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்த இவர்கள், குடிபெயர்ந்தபோது திசைக்கொருவராயினர்.

உடுப்பின் நிலை இன்னும் கடினம். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அட்டையிலும் மரத்திலும் செய்து, சரிகைத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டப்படுபவை. உயிர் தப்பி ஓடுகிறவன் இவற்றையா சுமந்து வருவான்? புதிய ஊரில் யாவும் புதிதாகவே செய்யப்படல் வேண்டும். அதிலும் ஒரு நன்மை உண்டு. தச்சுவேலை அறிந்த அயலவனும் தையல் தெரிந்த பெண்ணும் வந்து அமரும் இடம் அதுவே. ஆடக் கூசுகிறவனும் கிரீடத்துக்குப் பசை தடவக் கூசமாட்டான்.

வன்னிக்கும் கூத்துப் புதிதன்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைப் போற்றும் முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்துப் புகழ்பெற்றது. அதற்கு அண்ணாவியாரும் மத்தளமும் நெடுநாட் பயிற்சியும் உண்டு. தப்புக்கு ஆடிப் பழகிய கால் மத்தளத்துக்கு முதலில் தடுமாறவே செய்யும். புதியவனுக்கு எளிய வாயில் காத்தவராயன் கூத்து. அதன் துள்ளல் நடை விரைவில் பிடிபடும். மேலும், காத்தவராயன் வேடத்தை ஆதிக்காத்தான், பின்காத்தான் எனப் பலர் பங்கிட்டு ஆடுவதனால் இடமும் கிடைக்கும்.

இடம் எல்லார்க்கும் எளிதிற் கிடைத்தது என்று சொல்வது உண்மையாகாது. மலையகத்தவரைத் 'தோட்டக்காட்டார்' என்று இகழ்ந்த நாக்குகள் இருந்தன. தப்பைத் தாழ்ந்த வாத்தியமாகக் கருதும் மனமும் இருந்தது. ஒரே தமிழைப் பேசுவோர் ஒரே களரியில் ஆடத் தயங்கினர் என்பது வெட்கத்துக்குரிய செய்தியே.

போர் இவர்களை மீண்டும் மீண்டும் பெயர்த்தது. 1997இல் புளியங்குளத்தைச் சுற்றிக் கடும் சமர் நடந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீள்குடியேறியவர்கள் முதலில் தேடியது கூரையையும் கிணற்றையும். கூத்து அவற்றுக்குப் பின்னரே.

அதைத் தேடுவதற்குப் பெரிய உபாயம் எதுவும் தேவையில்லை. மாசிப் பிறை கண்ட இரவில், வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சி அடித்தால் ஒலி வயல்களைக் கடந்து செல்லும். எங்கோ ஒரு தோட்டத்தில் முன்னர் ரதி வேடமிட்ட முதியவர் அடுத்த குடியேற்றத்தில் இருப்பாரானால், கைவிளக்கோடு அவரே வந்து சேர்வார்.