ஊலர் ஏரியில் திரும்பிய தாமரை: வண்டலைத் தடுக்கும் நாணல் செயல்படுவது எப்படி?

காஷ்மீரின் ஊலர் ஏரியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாமற்போயிருந்த தாமரை, அண்மையில் மீண்டும் பூத்துள்ளது. 1992ஆம் ஆண்டு வெள்ளம் குவித்த வண்டலில் புதைந்த தாமரைப் படுகைகள், தூர்வாரும் பணிக்குப் பின்னர் உயிர்பெற்றன. 'நத்ரு' எனப்படும் தாமரைத் தண்டை விற்று வாழும் கரையோரக் குடும்பங்களுக்கு இது இழந்த வருவாய் திரும்பிய செய்தி. அது நிலைக்குமா என்பது, ஜீலம் ஆறும் ஏரின், மதுமதி ஓடைகளும் சுமந்து வரும் வண்டல் எங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்தது.

அசையாத நீரில் மென்மணல் 1 மீட்டர் ஆழத்தைச் சுமார் 2 நிமிடங்களில் கடந்து அடியில் படிந்துவிடும். 2 மைக்ரான் அளவுள்ள களிமண் துகளுக்கோ 3 நாட்களுக்கு மேல் தேவை. ஓடும் நீரில் அது படிவதே அரிது.

நாணலும் கோரையும் அடர்ந்த சதுப்பு நிலத்தில் நிலைமை வேறு. நெருங்கி நிற்கும் தண்டுகள் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. நீருக்குள் இருக்கும் தண்டுகளின் மேல் பாசியும் நுண்ணுயிரிகளும் வழவழப்பான படலமாகப் படர்ந்திருக்கும். நுண்துகள்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து கனத்த துகள்கள் விரைவாக மூழ்குகின்றன. படிந்த சேற்றை வேர்கள் பற்றிக்கொள்ள, காற்றால் எழும் அலைகள் அதை மீண்டும் கலக்காதவாறு தண்டுகள் தடுக்கின்றன. சல்லடையைப் போலச் சலிப்பதைவிட, படிவதற்கு நேரம் தருவதே தாவரங்களின் முதன்மைப் பணி எனலாம்.

ஆனால் இந்த ஆற்றல் இடம் மாறினால் கேடாகும். ஊலரில் அதுவே நேர்ந்தது. விறகுக்காக ஏரிப் பரப்பிலேயே வில்லோ மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. கிரிக்கெட் மட்டைக்குப் பெயர்பெற்ற அதே மர இனம்தான். அவை வண்டலைத் திறம்படப் பிடித்தன. பிடித்த இடமெல்லாம் மேடாயிற்று. ஆற்றுநீரின் வண்டலை வழியிலேயே தடுத்துவந்த சுற்றுப்புறச் சதுப்பு நிலங்களும் வயல்களாக மாறிச் சுருங்கின. 1911ஆம் ஆண்டில் சுமார் 157 சதுர கிலோமீட்டராக இருந்த ஏரி, 2007இல் சுமார் 86 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. 1990ஆம் ஆண்டிலேயே ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலை இது.

ஏரியை மீட்கும் திட்டத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்லோ மரங்களை அகற்றுவதும் சேர்க்கப்பட்டது. தூர்வாரும் இயந்திரம் ஏற்கெனவே படிந்ததை மட்டுமே அள்ளும். பனி உருகும் ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக வரும் வண்டலைத் தடுக்க, ஆறும் ஓடைகளும் ஏரியில் கலக்கும் முகப்புகளில் நாணல் வேண்டும்.